பொன்மீனை விட்டவரும் வலையை அறுத்தவரும்

சிவமயம்

கிழக்கே அலையெறியும் பெருங்கடலும், மேற்கே அமைதியாகக் கிடக்கும் நாயாற்றுக் கடல்நீரேரியும், இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு வெண்மணலும் என இறைவன் இவ்வூருக்கு வகுத்துத் தந்த எல்லை மிகச் சிறியது. மாரி பெய்து ஆறுகள் பெருகினால் முகத்துவாரம் வாய் திறந்து நன்னீரும் உவர்நீரும் கலக்கும். கோடையில் மணல் மேடிட்டு வாய் அடைத்துக்கொள்ளும். திறப்பதும் அடைப்பதும் மனிதன் கையில் இல்லை. இக்கரையில் பிறந்தவர்களுக்கு இறைவனின் ஆணை எது, மனிதனின் முயற்சி எது என்பதைச் சொல்லித் தர வேறு பள்ளிக்கூடம் தேவையில்லை.

1984 ஆம் ஆண்டின் இறுதியில் நாயாறு, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் மக்கள் வீடுவாசலை விட்டுப் போக நேர்ந்தது. 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னர்தான் திரும்பி வரும் வழி பிறந்தது. இடையில் 2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை எழுந்து முல்லைத்தீவுக் கரையை அழித்தது. இவ்வளவுக்குப் பின்னரும் இம்மக்கள் கடலைப் பழிக்கவில்லை. சோறு தந்த தாயை ஒரு நாள் அடித்தாள் என்பதற்காக எந்தப் பிள்ளையும் வெறுப்பதில்லை அல்லவா?

வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முன்னதாகச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் ஆலயத்தில் அந்த உப்புநீரிலேயே விளக்கேற்றும் வழக்கம் இன்றும் இருக்கிறது. எண்ணெய் ஊற்ற வேண்டிய இடத்தில் கடல்நீர் நிற்கிறது, விளக்கு எரிகிறது. வன்னி மக்கள் கடலை வழிபடும் முறைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆயினும், மெய்யடியார்களே, கடலை வழிபடுவது வேறு, கடலிலே உயிரைப் பணயம் வைப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிப் பலர் மயங்குகிறார்கள். அந்த மயக்கத்தைத் தெளிவிப்பதற்கு, கடற்றொழில் செய்த குலத்திலே தோன்றிய ஒரு நாயனாரின் வரலாறு துணைநிற்கிறது.

அதிபத்த நாயனார்

சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே அருளிய பெரியபுராணத்தில் அறுபத்துமூன்று நாயன்மார்களின் வரலாறு பேசப்படுகிறது. அவர்களுள் அரசரும் உண்டு, அந்தணரும் உண்டு, குயவரும் வண்ணாரும் வேடரும் உண்டு. நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நுளைப்பாடி என்னும் பரதவர் குடியிருப்பிலே பிறந்த அதிபத்தரும் அவர்களுள் ஒருவர்.

அவர் தம் குலத்துக்குத் தலைவர். நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விட்டுவிடுவது அவர் பூண்ட நியமம். வலை நிறைந்த நாளில் அது பெரிதாகத் தோன்றவில்லை. பின்னர் இறைவன் சோதித்தான். நாளுக்கு ஒரேயொரு மீன் மாத்திரமே அகப்பட்டது. அதையும் அவர் இறைவனுக்கே விட்டார். வீட்டிலே பசி புகுந்தது. செல்வம் தேய்ந்தது. உடல் மெலிந்தது. நியமம் மெலியவில்லை.

முடிவில் ஒரு நாள், பொன்னும் நவமணியும் பதித்தாற்போல ஒளிவீசும் மீன் ஒன்று வலையிலே வந்தது. அன்று அகப்பட்டதும் அது ஒன்றுதான். கூட நின்றவர்கள் வியந்தார்கள். அந்த ஒரு மீனால் குலம் முழுவதின் பசியும் தீர்ந்திருக்கும். அதிபத்தரோ அதையும் கடலில் விட்டார். இடபாரூடராக இறைவன் வானிலே காட்சி கொடுத்து அவரை ஆட்கொண்டான். ஆவணி மாதத்து ஆயிலியம் அவரது குருபூசைத் தினமாகும். நாகப்பட்டினம் காயாரோகணேசுவரர் ஆலயத்தை ஒட்டி, மீனவப் பெருமக்கள் கடலிலே படகேறிச் சென்று பொன்மீன் விடும் விழா அதே ஆவணியில் நடைபெற்று வருகிறது.

பிள்ளைகளைப் பசியோடு வைத்துக்கொண்டு மீனைக் கடலில் விடுவதும் பக்தியா என்று இக்காலத்து இளைஞர் ஒருவர் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. அந்தக் கேள்விக்குரிய விடை, கடலிலே கழிந்த ஓர் இரவின் கதையில் இருக்கிறது. இது இன்னாருடைய கதை என்று சொல்வதற்கில்லை. இக்கரையில் எந்த வீட்டின் கதவைத் தட்டினாலும் பொருந்தக்கூடிய ஒன்றாக வைத்துக்கொள்க.

ஐப்பசி இரவு

ஒரு தகப்பன். அவருக்குப் பதினேழு வயது நிரம்பிய ஒரு மகன். பையன் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். வீட்டிலே கடன். 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது தொடங்கிய கடன் அது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகின் இயந்திரம் ஓடாது. இயந்திரம் ஓடாவிட்டால் வீட்டு அடுப்பும் எரியாது. அந்த நெருக்கடி தணிந்த பின்னரும், புதிதாக வாங்கிய வலைக்கு இன்னும் பாதிப் பணம் கட்டக் கிடந்தது.

ஐப்பசி பிறந்து சில நாட்கள் சென்றிருந்தன. இருட்டுக் காலம், மீன்படும் நாட்கள். கூடத் தொழிலுக்கு வருபவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்று மாலை வானொலியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் போயிற்று. இடியுடன் மழை பெய்யும்போது காற்றின் வேகம் சடுதியாக அதிகரிக்கலாம், கடல் கொந்தளிக்கலாம், மீனவர்கள் அவதானமாக இருக்க வேண்டும் என்பதே செய்தி. தகப்பன் அதைக் கேட்டார். “உவங்கள் ஒவ்வொரு நாளும் உதைத்தானே சொல்லுறாங்கள்” என்று வானொலியை நிறுத்தினார். அங்கேதான் பிழை தொடங்கியது.

“தம்பி, நீ வாறியே?” என்றார். பையன் துள்ளிக்கொண்டு எழுந்தான். தாய் மாத்திரம் வாசலில் நின்று, “வானம் கறுத்துக் கிடக்கு. பிள்ளையை விட்டிட்டுப் போங்கோவன்” என்றாள். அவர் பிள்ளையாரைக் கும்பிட்டு, நெற்றியிலே திருநீறு பூசி, மகனுக்கும் பூசிவிட்டுப் படகைத் தள்ளினார். கடவுளைக் கும்பிட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்பது அவர் எண்ணம்.

வலையை விட்டுவிட்டு இருவரும் சோற்றுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். எந்த வெள்ளி எப்போது எழும் என்று தகப்பன் மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் காட்டுவதற்கு வெள்ளி ஒன்றும் மிஞ்சவில்லை. மேற்கே, கரைப்பக்கமாக மின்னல் வெட்டியது. நள்ளிரவு கழிந்த வேளையில் கச்சான் காற்று ஒரே அடியாக இறங்கியது.

காற்று படகைக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குத் தள்ளியது. நீரோட்டம் வலையைத் தெற்கே இழுத்தது. இரண்டுக்கும் நடுவிலே படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பிவிட்டது. குறுக்கே கிடக்கும் படகுக்குள் ஒவ்வோர் அலையும் வந்து விழும் என்பது கடற்றொழிலாளர் அனைவரும் அறிந்ததே. பையன் வாளியால் இறைத்தான். இறைக்க இறைக்க நீர் ஏறியது. தகப்பன் வலையை இழுத்தார். நல்ல பாடு, மீன் நிறையப் பட்டிருந்தது. இழுத்த பாரம் அணியத்தில் சேரச் சேர அணியம் தாழ்ந்தது. கால்வாசி வலைகூட ஏறவில்லை.

படகில் இருந்தது ஒரேயொரு உயிர்காப்பு அங்கி. அதை மகனுக்கு மாட்டிவிட்டு, வெறும் மண்ணெண்ணெய்க் கான்கள் இரண்டைக் கயிற்றால் பிணைத்துத் தன்னருகே வைத்துக்கொண்டார். பிறகு, “தம்பி, கத்தியை எடு” என்றார்.

பையனுக்குப் புரிந்தது. “அப்பா, இன்னும் காசு கட்டி முடியேல்லை. இன்னுமொருக்கா இழுத்துப் பாப்பமே” என்றான்.

“வலையைக் கடையில வாங்கலாம். உன்னை எந்தக் கடையில போய் வாங்கிறது?”

கயிற்றை அறுத்தார். வலை போயிற்று. இழுத்து வைத்த பாரத்தையும், அதிலிருந்த மீனோடு கடலிலே கொட்டினார்கள். அணியம் நிமிர்ந்தது. இயந்திரத்தை மெதுவாக ஓட விட்டு, அலைக்கு நேரே படகின் முகத்தைப் பிடித்துக்கொண்டு தகப்பன் இருந்தார். மகன் இறைத்துக்கொண்டேயிருந்தான். நாலு மணிபோலக் காற்று தணிந்தது. கரை தெரிந்தவுடனே ஓடிவிட அவர் அவசரப்படவில்லை. கரையலை இன்னும் உடைந்துகொண்டிருந்தது. இருட்டிலே கரையேற முயன்று, கரைக்கு எட்டும் தூரத்தில் கவிழ்ந்த படகுகள் எத்தனையோ. விடியும்வரை வெளியே நின்று, அலையின் இடைவெளி பார்த்து ஏறினார். கரையில் நின்றவர்கள் ஓடிவந்து படகை இழுத்தார்கள். தாய் ஒன்றும் பேசாமல் மகனின் தலையைத் தன் சேலைத்தலைப்பால் துடைத்தாள்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தகப்பன் கோயிலுக்கு வந்தார். புராண படனத்தில் பயன் சொல்லும் பெரியவர் ஒருவர் மண்டபத்தில் இருந்தார். அவரிடம் கேட்டார்: “ஐயா, ஆவணியில நீங்கள் அதிபத்தர் கதை சொன்னனீங்கள். அவர் விட்டது பொன்மீன். அவருக்குச் சிவன் வந்தார். நான் விட்டது கடன்வலை. எனக்குக் கடன்காரர்தானே வருவார்?”

விலை பேசப்படாத ஒன்று

பெரியவர் சொன்ன விடையின் சாரம் இதுவாகும்.

அதிபத்தர் விட்டது பொன் என்பது பார்த்தவர்களின் கணக்கு. அவருடைய கணக்கிலே அது ஒரு மீன். இறைவனுக்கென்று முன்னரே ஒதுக்கப்பட்ட மீன். நெத்தலி வந்த நாளிலும் அதுவே, பொன் வந்த நாளிலும் அதுவே. தம் வாழ்க்கையில் ஒன்றை மாத்திரம் அவர் விலைக்கு வெளியே வைத்திருந்தார். விலை ஏறியபோது மனம் மாறாமல் நின்றதே அவர் தொண்டு. பசி வந்தபோது அந்த ஒன்றைத் தொட்டிருந்தால், அதற்கும் ஒரு விலை இருந்தது என்றாகிவிடும்.

இல்லறத்தானுக்கு இறைவன் அப்படியொன்றை வீட்டிலேயே தந்திருக்கிறான். அதுதான் பிள்ளை. வலைக்கு விலை உண்டு, இயந்திரத்துக்கு விலை உண்டு, கடனுக்கு வட்டி உண்டு. பிள்ளைக்கு விலை இல்லை. அன்றிரவு அந்தத் தகப்பன் கத்தியை எடுத்தபோது, அவரும் ஒன்றை விலைக்கு வெளியே வைத்தார். சிவபெருமான் அவருக்கு இடபத்தின்மேல் காட்சி தரவில்லை. விடியற்காலையில் மகனின் முகத்தைக் காட்டினான். அதிலே குறை காண்பதற்கு என்ன இருக்கிறது?

தந்தையையும் பிள்ளையையும் நீரையும் சேர்த்துச் சொல்லும் வேறொரு வரலாறும் சைவத்தில் உண்டு. சீகாழியிலே சிவபாத இருதயர் தம் மூன்று வயதுப் பிள்ளையைக் குளக்கரையில் இருத்திவிட்டு நீரில் மூழ்கினார். தந்தையைக் காணாத பிள்ளை கோயிற் சிகரத்தைப் பார்த்து அழுதது. உமையம்மையார் ஞானப்பால் ஊட்டினார். அந்தத் தலத்துக்குப் பன்னிரண்டு பெயர்கள். அவற்றுள் ஒன்று தோணிபுரம். பிரளய வெள்ளத்திலே தோணியில் மிதந்து வந்த பெருமான் அங்கே தோணியப்பராக எழுந்தருளியிருக்கிறார். அழுத பிள்ளைக்கு இரங்கியவர் அந்தத் தோணியப்பரே. ஞானசம்பந்தரான அப்பிள்ளை பிற்காலத்தில் திருக்கொள்ளம்பூதூரில் ஆற்றுவெள்ளத்தின் முன் நின்றபோது, அடியவர்களோடு ஓடத்தில் ஏறிப் பதிகம் பாட, ஓடம் அக்கரை சேர்ந்தது என்பது வரலாறு.

இவற்றைக் கேட்டுவிட்டு, “அப்படியானால் கும்பிட்டுப் போனால் எந்தப் புயலிலும் போகலாம்” என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. அந்தத் தகப்பனும் திருநீறு பூசியபோது அப்படித்தான் எண்ணினார். திருநாவுக்கரசர் வரலாற்றை ஊன்றிப் பார்க்க வேண்டும். கல்லோடு பிணைத்துக் கடலிலே இடப்பட்டு, திருவைந்தெழுத்தின் துணையால் அவர் கரையேறினார். அவரைக் கடலிலே இட்டவன் பல்லவ மன்னன். அப்பரடிகள் தாமாகக் கல்லைக் கட்டிக்கொண்டு குதிக்கவில்லை. தவிர்க்க முடியாத துன்பத்தில் இறைவனை அழைப்பது பக்தி. தவிர்க்கக்கூடிய துன்பத்துக்குள் தானே இறங்கிவிட்டு இறைவனைக் காவலுக்கு அழைப்பது, அவனுக்குக் கட்டளையிடுவதாகும்.

தாய் சொன்ன சொல்லும், வானொலி சொன்ன செய்தியும் இறைவன் அனுப்பிய எச்சரிக்கைகளே. அசரீரி வானத்திலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வடஇலங்கையையும் கடந்தே சென்றது. 2020 டிசம்பர் 2 ஆம் நாள் இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாடு முழுவதையும் உலுக்கி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. கார்த்திகை, மார்கழிக் கடல் எத்தகையது என்பதை இக்கரையாருக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. அறிந்ததை மறக்கச் செய்வது கடன் ஒன்றே.

ஊருக்கு உரியது

இங்கேதான் இக்கதை ஒரு குடும்பத்தை விட்டு ஊருக்குப் பொதுவாகிறது. பெரியவரிடம் அந்தத் தகப்பன் கேட்ட கேள்வியின் இரண்டாம் பாதிக்கு யாரும் விடை சொல்லவில்லை. கடன்காரர் வருவாரே, அதற்கு என்ன செய்வது?

வலையை அறுத்தவரைப் பார்த்து, “கொஞ்சம் பொறுத்திருக்கலாமே”, “வேறு ஆளென்றால் வலையோடு வந்திருப்பான்” என்று கரையிலே இருந்து சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அடுத்த புயலில் வேறொரு தகப்பனின் கையைத் தடுக்கும். கத்தியை எடுப்பதற்கு முன் அவர் ஊரின் பேச்சை நினைப்பார். கட்ட வேண்டிய காசை நினைப்பார். அந்த நினைப்பிலே கழியும் நேரத்தில் படகு நிரம்பிவிடும். ஆகவே கடலில் நடப்பதில் ஒரு பகுதி கரையிலேயே தீர்மானிக்கப்படுகிறது.

ஆலயத்தை நடுவாகக் கொண்டு வாழும் ஓர் ஊருக்கு இதிலே சில கடமைகள் உண்டு.

முதலாவது, உயிர் காக்க வலையை இழந்து வந்தவரைக் குறை சொல்லாதிருப்பது. படகை இழுக்க நீளும் கைகள் அவருடைய மனத்தையும் இழுத்துக் கரையேற்ற வேண்டும்.

இரண்டாவது, கடன் கொடுத்தவர் தவணை கொடுப்பது. வட்டியை ஒரு மாரிக்கு நிறுத்தி வைப்பவர், ஆலயத்திலே ஆயிரம் தீபம் ஏற்றியவருக்குச் சமம்.

மூன்றாவது, திருவிழாக் காலத்தில் சேரும் பணத்திலே ஒரு சிறு பங்கையேனும் தொழில் உபகரணம் இழந்த குடும்பங்களுக்கென்று ஒதுக்குவது. முதல் மீனை இறைவனுக்கு விட்டவர் அதிபத்தர். முதற் காசை இறைவனின் பிள்ளைகளுக்கு விடுவதும் அந்நெறியே ஆகும்.

நான்காவது, படகிலே எத்தனை பேரோ அத்தனை உயிர்காப்பு அங்கிகள் இருக்க வேண்டும் என்பதை நேர்த்திக்கடன் போலக் கடைப்பிடிப்பது. பள்ளிப் பிள்ளைகளை மாரிக்கடலுக்கு அழைத்துப் போகாதிருப்பது. தொழில் பழக வேண்டுமாயின் சோளகக் காலத்து அமைதிக் கடலிலே, பகலிலே பழகட்டும்.

பிள்ளைகளும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அன்றிரவு அந்தப் பையன் வெறும் வாளியைப் பிடித்து இறைத்ததோடு நிற்கவில்லை. தகப்பனின் கையிலே கத்தியை எடுத்துக் கொடுத்தான். வலையின் அருமை தெரிந்த பிள்ளை, தகப்பன் சொல்லை ஏற்றுக் கொடுத்தான். பெற்றவர் எதை இழந்து தங்களைக் கரைசேர்த்தார்கள் என்பதை அறிந்த பிள்ளைகள் வழி தவறுவதில்லை.

மனிதன் பிறவிக்கடலிலே படகோடுகிறான். அவனுடைய வலையிலே பணம் படும், பதவி படும், புகழ் படும். பட்டதெல்லாம் அணியத்திலே குவிந்து படகு தாழும் இரவு ஒன்று எல்லோருக்கும் வரும். அந்த இரவில் எதை அறுப்பது, எதைப் பிடிப்பது என்று தேடிக்கொண்டிருக்க நேரமிராது. விலை பேசப்படாத ஒன்று எது என்பதை வெளிச்சமிருக்கும்போதே தீர்மானித்து வைத்திருப்பவன் பாக்கியவான். அதிபத்தர் அதை நாள்தோறும் ஒரு மீனாலே தமக்குத் தாமே நினைவூட்டிக்கொண்டார். ஆலயத்துக்கு வந்து ஒரு பூவை இட்டுக் கைகூப்புவதும் அதற்காகவே.

உப்புநீரிலே விளக்கெரிய அருளும் அன்னையும், தோணியிலே வந்த அப்பனும், இவ்வாலயத்திலே எழுந்தருளியிருக்கும் எம்பெருமானும், கடலுக்குப் போகும் ஒவ்வொரு தகப்பனையும் பிள்ளையையும் விடியற்காலையில் கரையிலே காத்திருக்கும் தாயிடம் கொண்டுவந்து சேர்ப்பார்களாக. காற்றுக் கடுத்த இரவில் திரும்பி வரும் அறிவையும், வலை கனத்த வேளையில் அறுக்கும் துணிவையும், வெறுங்கையோடு வந்தவரை அணைக்கும் மனத்தையும் இவ்வூருக்கு அருள்வார்களாக.

திருச்சிற்றம்பலம்